பச்சை வெளிச்சத்தில் நாகையா

ஒருவன் இருமுகிறான் என்பதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியிலிருந்து மிஷின் வரவேண்டுமா என்று கேட்டால், கேட்பவருக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று அர்த்தம். முருகம்மாளுக்கு அது சுத்தமாக இல்லை. பக்கத்தில் படுத்துப் புருசனின் இருமலைக் காதால் கேட்டவள் அவள். காதால் கேட்டதை உண்மை என்று நம்புகிற அளவுக்குத்தான் அவள் படிப்பு.

புருசன் நாகையா, அய்யாதுரை அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருசமாக மருந்து கலக்குகிறவன். வெடிக்குப் பச்சை நிறம் தருகிற பச்சை உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சல்லடையில் அவன் கையால்தான் இறங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெள்ளியாக மின்னும். மற்ற வருசங்களில் இருமல் சீசனோடு ஏறி, தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டதும் தானாக இறங்கிவிடும். அந்த வருசம் லீவு முடிந்தது, பொங்கலும் முடிந்தது, இருமல் மட்டும் இறங்கவில்லை. தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் குடத்தை இறக்கி வைத்தான்.

முருகம்மாள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். அவனைக் கலவை அறையிலிருந்து மாற்றிப் பாக்கிங்கில் உட்கார வைக்க வேண்டும். மதுரைக்குக் கூட்டிப்போய் நெஞ்சைக் காட்ட நாலு நாள் லீவு வேண்டும். இரண்டுக்கும், ஆளுக்கு நோய் இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள் கம்பெனியில். கடிதமில்லாமல் மூன்று நாள் வராதவன் தானாக நின்றவன் என்பது கம்பெனிச் சட்டம். நின்றவனுக்குக் கம்பெனி லைன் வீட்டில் இடம் கிடையாது. அந்த வீட்டிலிருந்துதான் மகள் மாரிசெல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

கடிதம் கொடுக்கிற அதிகாரம், ஆமத்தூர் தாண்டி ரோட்டோரம் கண்ணாடிக் கட்டடமாக நிற்கிற அய்யாதுரை அறக்கட்டளை உயிரணு உள்நிலை அளவீட்டு உயராய்வு மையத்துக்கு மட்டும்தான் உண்டு. பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் டவுன் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். அது முளைத்த கதை சுருக்கமானது. பட்டாசுத் தொழிலாளிகளின் நெஞ்சு கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் எதிலோ எழுதிவிட்டார். அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம ஆளுக நெஞ்சைப் பத்தி எவனோ ஒருத்தன் என்னலே சொல்றது? நாமளே அளந்துருவோம். எம்புட்டு ஆளமா அளக்க முடியுமோ அம்புட்டு ஆளமா அளந்துருவோம்!"

ஆழமாகத்தான் போனார்கள். நெஞ்சைத் தாண்டி, சதையைத் தாண்டி, உயிருள்ள செல்லுக்குள்ளேயே போய்விட்டார்கள். போனவர்கள் நெஞ்சுப் பக்கம் திரும்பி வரவேயில்லை. மையத்துக்கு இயக்குநர் அண்ணாச்சியின் தங்கை மகன், டாக்டர் ஸ்ரீராம்குமார். வெளிநாட்டில் ஏழு வருசம் செல்லுக்குள் சாயம் ஏற்றிப் படித்துவிட்டு வந்தவர். மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் இல்லை. எழுதித் தரச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

மாசியில் முருகம்மாள் மனுக் கொடுத்தாள். ஆவணியில் டோக்கன் வந்தது. நடுவில் ஆறு மாதம் அந்த மனுவின் உள்நிலையை அளந்துகொண்டிருந்தார்களோ என்னவோ.

டோக்கனோடு போனால், வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலுக்கு நீலப்பை, தலைக்கு வலைத்தொப்பி. அறுபத்திநாலு கேள்வி உள்ள ஒரு படிவம். நாகையாவின் அப்பாவுக்கு எத்தனை பற்கள் இருந்தன என்றுகூட அதில் கேட்டிருந்தது. உடம்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. முருகம்மாள் படிவத்தின் ஓரத்தில் "இருமல்" என்று எழுதச் சொன்னாள். ஓரத்தில் எழுதினால் படிவம் செல்லாது என்று வேறு படிவம் கொடுத்தார்கள்.

ரோஷினி என்று ஒரு பெண், காரியாபட்டிக்காரி, அங்கே இளநிலை ஆராய்ச்சியாளர். அவள்தான் நாகையாவின் மூக்குக்குள் மெல்லிசான பிரஷ் ஒன்றை விட்டு எடுத்து, ஒட்டிவந்ததை ஒரு கண்ணாடித் தட்டில் போட்டாள். தட்டுக்குத் தீனி ஊற்றிப் பத்து நாள் வளர்த்தார்கள். பதினோராம் நாள் அளவீடு. செல்லுக்கு உரியவர் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நாகையாவையும் வரச்சொன்னார்கள்.

"அண்ணே, இந்தச் சாயம் செல்லுக்குள்ள போகும். நீல வெளிச்சம் பாய்ச்சினா ஒளிரும். உள்ள நல்லா இருந்தா பச்சை. உள்ள புளிச்சுப் போயிருந்தா சிவப்பு. அம்புட்டுத்தான்" என்று ரோஷினி சொன்னாள். அந்தக் கட்டடத்தில் புரிகிற மாதிரி பேசியது அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் முன்னேறவில்லை.

நாகையா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரு இருமு இருமினான். இயக்குநர் பதறி ஓடிவந்தார்.

"இருமாதீங்க! மேசை! மேசை!"

மைக்ராஸ்கோப் நின்ற மேசை சாதாரண மேசை இல்லையாம். நாலு காலிலும் காற்றடைத்து மிதக்கிறதாம். அறையில் யாராவது இருமினால் செல்லின் படம் ஆடிவிடுமாம். பக்கத்துக் கம்பெனியில் சாயங்காலம் வெடி டெஸ்ட் பண்ணும்போது ஆடாதா என்றால், ஆடும். ஆனால் அவர்களை யார் கேட்பது? நாகையாவைக் கேட்கலாம். அவன் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணில் நீர் வடிய நின்றான். காற்றுப் போதாத மனுசன் இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் மேசைக்குக் குழாய் வழியாகக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. முருகம்மாளுக்கு அந்த மேசையை ஒரு உதை விடலாம் போலிருந்தது.

திரையில் படம் வந்தது. சிவப்பு. பழுத்த கோவைப்பழச் சிவப்பு.

"சிவப்புக்கா" என்று ரோஷினி முருகம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள். "உள்ள ரொம்ப மோசமா இருக்கு. இவரை முதல்ல ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க."

முருகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயி, அதைத்தான் ஆறு மாசமாச் சொல்லுதேன். அதை ஒரு தாள்ல எளுதிக் குடுத்துருங்க."

ரோஷினி எழுதி நீட்டிய தாளை இயக்குநர் நடுவிலேயே வாங்கிப் பார்த்தார். பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது செல்லாதும்மா. மிஷினுக்கு இன்னும் பூஜை போடல. பூஜை போடாத மிஷின் சொல்றதை நாங்க அறிக்கையா வெளியிட முடியாது. ஆயுத பூஜை வரட்டும்."

ஒரு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. இந்தப் பகுதியில் ஆயுத பூஜை என்றால் ஸ்பேனரிலிருந்து பேல் கட்டுகிற மிஷின்வரை பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். விட்டால் அடுத்த சீசன் கவிழ்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அண்ணாச்சியின் மனைவி, அறக்கட்டளையின் சேர்மன் அம்மா லட்சுமிகாந்தம் தாமே வந்து மையத்தில் ஃபிரிட்ஜ், ஜெராக்ஸ், தண்ணீர் ஃபில்ட்டர் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மைக்ராஸ்கோப் பக்கம் வந்தவர், "இதுக்குக் கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். ஏழு வருசம் வெளிநாட்டில் படித்த மருமகன், பூஜைத்தட்டை ஒரு கையில் ஏந்தியபடி மறுகையால் மூடியை விலக்கி, லென்ஸைக் காட்டிக் கொடுத்தார். அந்த லென்ஸ் கீழேயிருந்து மேலே பார்த்து நிற்கிற ஜாதி. தோதாக இருந்தது. சுற்றிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் தொட்டு, மாவிலையால் மஞ்சள் தண்ணீரை மூன்று தரம் தெளித்தார். வாசலில் பத்தாயிரம் வாலா ஒன்று வெடித்தது.

மறுநாள் நாகையாவின் தட்டை மறுபடியும் வைத்துப் பார்த்தார்கள். பச்சை! கண்ணைப் பறிக்கிற பச்சை! இயக்குநர் போன் போட, அண்ணாச்சி காரில் பறந்து வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையில் மூக்கு முட்டப் பார்த்தார்.

"ஏயப்பா! நம்ம பச்சை மத்தாப்பு கெட்டுச்சு போ! ஏலே நாகையா, உள்ளுக்குள்ள இம்புட்டு ஜோரா வச்சுக்கிட்டா வெளிய இருமிக்கிட்டு அலையுத?"

"மொதலாளி, பச்சையா ஒளிரணும்னா அதுக்குப் பச்சை உப்பு வேணும்" என்றான் நாகையா. பத்தொன்பது வருசத் தொழில் அது. நிறத்தைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. "நெஞ்சு முளுக்க அதான் கெடக்கு. அதான் பச்சையாத் தெரியுதோ என்னவோ."

"பார்த்தீங்களா, படிக்காதவங்க எப்படிக் காரணம் கற்பிக்கிறாங்கன்னு" என்று இயக்குநர் சிரித்துவிட்டு, "உள்நிலை நலம்" என்று எழுதிச் சீல் குத்தினார். நலமானவனுக்குக் கடிதம் எதற்கு? நாகையா மறுநாள் காலை கலவை அறைக்குப் போனான்.

அந்த வாரம் நாற்பத்திமூன்று தொழிலாளிகளை அளந்தார்கள். நாற்பத்திமூன்று பேரும் பச்சை. ரோஷினிக்குச் சந்தேகம் தட்டியது. ஒன்றுமே இல்லாத வெறும் தட்டை வைத்துப் பார்த்தாள். பச்சை. கேன்டீன் சாம்பார் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். அது நாகையாவைவிட ஆரோக்கியமாக இருந்தது.

மஞ்சளுக்கு நீல வெளிச்சம் பட்டால் தானாகவே பச்சையாக ஒளிர்கிற குணம் உண்டு, லென்ஸில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து கிடக்கிறது, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் ஐந்து நிமிச வேலை என்று எழுதிக் கொடுத்தாள். மையம் உடனே நடவடிக்கை எடுத்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். அண்ணாச்சி தலைவர், சேர்மன் அம்மா உறுப்பினர், இயக்குநர் செயலாளர்.

"சாமிக்கு வச்சதை வருசம் நடுவுல தொடைக்கதா? அடுத்த பூஜைக்குத்தான் களுவணும்" என்று சேர்மன் அம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இயக்குநர் அதற்கு அறிவியல் விளக்கம் கொடுத்தார். மனுசன் எவ்வளவு தெளிவாகப் பேசினார் என்பதற்காகவே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மிஸ் ரோஷினி, துடைச்சா சிவப்பு வரும்னு சொல்றீங்க. வரட்டும். ஒரு நாகையாவுக்கு லெட்டர் குடுப்போம். நாளைக்குக் கலவை ரூம்ல இருக்கிற அத்தனை பேரும் வரிசையில நிப்பாங்க. அப்புறம் மருந்து யார் கலக்கிறது, நீங்களா நானா? மருந்து இல்லேன்னா பட்டாசு இல்ல. பட்டாசு இல்லேன்னா அறக்கட்டளை இல்ல. அறக்கட்டளை இல்லேன்னா இந்த மைக்ராஸ்கோப்பே இல்ல. அப்ப நாகையாவை எதை வச்சு அளப்பீங்க? நாகையா நல்லா அளக்கப்படணும்னா, நாகையா கலவை ரூம்ல இருந்தாகணும். இது புரியாம நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஷினியை நூலகத்துக்கு மாற்றினார்கள். நூலகத்துக்குப் புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

முருகம்மாள் விடுகிற ஆள் இல்லை. மாதம் ஒரு தடவை அரைநாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்பாள். "பச்சைங்கீக. சரி. அப்ப இவரு ஏன் இருமுதாரு?" என்று ஒரே கேள்வி.

"அது ஆளோட பிரச்சினைம்மா, செல்லோட பிரச்சினை இல்ல" என்று இயக்குநர் பொறுமையாகச் சொல்வார். ஒருநாள் பொறுமை தீர்ந்துபோய் ஒரு சுற்றறிக்கையே போட்டுவிட்டார். தொழிலாளி என்பவன் நிலையில்லாதவன். ஒருநாள் சாப்பிடுகிறான், ஒருநாள் சாப்பிடுவதில்லை, தூசியில் நிற்கிறான், கவலைப்படுகிறான். அவனை அளந்தால் பிழை வரும். மையத்திலுள்ள அவனது மாதிரி, மாறாத வெப்பத்தில், அளந்த காற்றில், சுத்தமான தீனியில் இருக்கிறது. ஆகவே இனிமேல் மாதிரியின் நிலையே தொழிலாளியின் நிலையாகக் கொள்ளப்படும். கம்பெனி அதை அப்படியே ஏற்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியது.

சுற்றறிக்கை வந்த பிறகு, கேட்கப் போனால் இயக்குநர் அவளைக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவார். உள்ளே இன்குபேட்டர் என்கிற சூட்டுப்பெட்டியில் நாகையாவின் செல் வளர்கிற பதினேழாம் நம்பர் தட்டு இருக்கும். "பாருங்க, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்லா இருக்காரு." உடம்புச் சூட்டில் ஒரு டிகிரி கூடாமல் குறையாமல் அந்தத் தட்டு இருந்தது. ரெண்டு நாளைக்கு ஒருதரம் அதற்குச் சாப்பாடு மாற்றினார்கள். அது இருக்கிற அறைக்குள் யாராவது தும்மினால் சம்பளத்தைப் பிடித்தார்கள். முருகம்மாளுக்கு அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலே ஒருத்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது அவனுக்கு.

ஆடியில் அண்ணாச்சிக்கு மணிவிழா. மையத்தில் மேடை போட்டு, ஆண்டின் சிறந்த உள்நிலைக்கான கேடயத்தை அறிவித்தார்கள். மாதிரி எண் பதினேழு, நாகையா. கேடயம் வாங்க மேடையில் ஐந்து படி ஏற வேண்டும். அவன் ரெண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. அண்ணாச்சி மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார்.

"பாருங்க, எம்புட்டு அடக்கம்! மேடை ஏற மாட்டேங்கான். நம்ம ஆளுக கெட்டுப்போயிட்டாங்கன்னு எளுதுனானே ஒருத்தன், அவன் வந்து பாக்கட்டும். உள்ளுக்குள்ள பச்சைப் பசேல்னு இருக்கான்யா என் தொளிலாளி! இவனை இன்னும் பத்தொம்பது வருசம் கலவை ரூம்ல வச்சிருக்கலாம்னு நான் அடிச்சுச் சொல்லுதேன்!"

கைதட்டினார்கள். முருகம்மாள் தட்டவில்லை. புருசனின் முதுகைத் தடவிக்கொண்டு, மேடைப் பக்கம் பார்த்து வாய்க்குள்ளேயே வைதாள். அந்த வசவுகளை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் ஒன்றுகூட மிகையில்லை.

இதற்கு நடுவே ஒரு சின்னக் காரியம் நடந்தது. மைக்செட்டுக்கு பிளக் பாயிண்ட் போதவில்லை. மைக்செட்காரர் உள்ளே போய், சும்மா ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் வயரைச் சொருகினார். அந்தப் பெட்டிதான் இன்குபேட்டர். விழா முடிந்து சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை திறந்தால், பதினேழாம் நம்பர் தட்டில் பழைய ஊறுகாய் மாதிரி பூஞ்சை பூத்துக் கிடந்தது. மஞ்சள் தண்ணீர் லென்ஸாலேயே அதைக் காப்பாற்ற முடியவில்லை.

சுற்றறிக்கை இருக்கிறதே! மாதிரியின் நிலையே தொழிலாளியின் நிலை. மையம் சட்டப்படி நடந்தது. "மாதிரி எண் 17, நாகையா, காலமானார்" என்று அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் போனது. ஒன்றரை வருசமாக ஒரு கடிதம் எழுத முடியாதவர்கள் இதை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டார்கள். அண்ணாச்சியின் சொந்த அச்சாபீசில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பலவண்ணத்தில் அடித்துச் சாயங்காலத்துக்குள் ஒட்டியாயிற்று. போஸ்டரில் நாகையா முகம் இல்லை. பச்சையாக ஒளிர்கிற நாலைந்து வட்டங்கள் இருந்தன. ஆனைக்குட்டத்திலிருந்து மாலையோடு ஓடிவந்த மச்சினன், லைன் வீட்டு வாசலில் நாகையா டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் வேலைக்கு டோக்கன் போடுகிற ரத்தினசாமி நாகையாவை நிறுத்திவிட்டார்.

"ஒமக்கு டோக்கன் இல்ல நாகையா. செத்துப்போயிட்டீருன்னு லிஸ்ட் வந்திருக்கு."

"நான் இங்கனதான நிக்கேன்?"

"நிக்கீரு. நான் இல்லைங்கலயே. லிஸ்டுல நிக்கலயே நீரு."

பின்னாடியே இன்னொரு தாள் வந்தது. குடும்பத்தலைவர் மறைவை முன்னிட்டு ஆழ்ந்த அனுதாபங்கள். வீட்டைப் பதினைந்து நாளில் காலி செய்யவும். முருகம்மாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, புருசனையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

"அய்யா, ஆளு உசுரோட நிக்காரு. கண்ணைத் தொறந்து பாருங்க."

இயக்குநர் முகம் வாடிப்போயிருந்தது. உண்மையிலேயே துக்கம். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இழப்பு எங்களுக்குத்தான் பெருசு. ஒரு வருசம் கண்ணுக்குள்ள வச்சு வளத்தோம்."

"இவரைப் பாருங்கய்யா, பேசுதாரு, நடக்காரு."

"அது வெறும் கண்ணால பாக்கிறது. அதை நாங்க ஆதாரமா எடுத்துக்கிறதில்ல. ஒண்ணு செய்யலாம். புதுசா மனுக் குடுங்க. மாசிக்குள்ள டோக்கன் வரும். செல் எடுத்து வளத்து, பச்சை வந்துச்சுன்னா, உயிரோட இருக்கார்னு லெட்டர் தர்றதுக்கு வாய்ப்பிருக்கு." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இரங்கல் கூட்டம். வந்ததுதான் வந்தீங்க, இருந்துட்டுப் போங்க. குடும்பத்துக்கு முன்வரிசை."

முன்வரிசையில் முருகம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாகையாவுக்கு இல்லை, அவன் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடையில் பச்சை வட்டங்களின் படத்துக்கு ரோஜா மாலை. அண்ணாச்சி பேசினார். அமரர் ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை, வெப்பம் கூடக் கேட்டதில்லை, குறையக் கேட்டதில்லை என்றார். அவர் சொன்னது தட்டைப் பற்றி. பிறகு எல்லோரும் எழுந்து ரெண்டு நிமிசம் மௌனம் காத்தார்கள்.

அரை நிமிசம் ஆகியிருக்கும். நாகையாவால் முடியவில்லை. துண்டைக் கடித்தான், சுவரில் நெற்றியை முட்டினான், பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த இருமல், நிற்காமல், ஹால் முழுக்க அடித்தது. மேடையிலிருந்த அத்தனை தலையும் திரும்பியது.

"எவம்லே அவன்?" என்றார் அண்ணாச்சி, மௌனத்தைக் கலைக்காத குரலில். "செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வெளிய கூட்டிட்டுப் போங்கலே."

ரெண்டு பேர் வந்து நாகையாவின் தோளைப் பிடித்தார்கள். முருகம்மாள் நாற்காலியை விட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தாள். ஒன்றரை வருசமாக அவளைப் பிடித்து வைத்திருந்த பயம் எதுவோ அது போயிருந்தது. வேலை போச்சு, வீடு போச்சு. இனிமேல் இவர்கள் எதைக் காட்டிப் பயங்காட்டுவார்கள்?

"கையை எடுங்க" என்றாள் அந்த ரெண்டு பேரிடம். பிறகு புருசனிடம் திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். "வாங்க, மதுரைக்குப் போவோம். செத்த ஆளுக்கு எவன்ட்ட லீவு கேக்கணும்?"

வாசலில் ரோஷினி நின்றாள். மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் காலையில் ஏழரைக்கெல்லாம் போனால்தான் டாக்டரைப் பார்க்கச் சீட்டுக் கிடைக்கும் என்று சொன்னாள். அதையாவது சொன்னாளே.

மறுநாள் மதுரை பெரியாஸ்பத்திரியில், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, தூக்கமில்லாத கண்ணோடு ஒரு டாக்டரம்மா நாகையாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னாள். ஒரு தடவை கேட்டாள். இடத்தை மாற்றி மறுபடி கேட்டாள். அவள் முகம் மாறியது.

"என்ன வேலை செய்றாரு?"

முருகம்மாள் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்து வந்ததும் டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, படுக்கை போடச் சொன்னாள்.

"இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?"

"அளந்துக்கிட்டு இருந்தாகம்மா."

"எதை?"

முருகம்மாள் கட்டில் பக்கம் திரும்பினாள். நாகையா ஆக்ஸிஜன் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் படுத்தபடி மூச்சு விடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம் கீழ்ப்பாதி இறுகிப்போச்சு. இனிமே அது திரும்பாது. ஒரு வருசத்துக்கு முன்னாடி அந்தத் தூசியை விட்டு வெளிய கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்றாள் டாக்டரம்மா. "மிச்சத்தைக் காப்பாத்துவோம். ஆனா அந்த ரூம் பக்கம் இவர் போகவே கூடாது."

சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதினாள். நெஞ்சில் ரசாயனத் தூசியால் நோய், கலவை வேலை கூடாது, லேசான வேலை தரவேண்டும், ரெண்டு மாதம் ஓய்வு. கையெழுத்துப் போட்டுச் சீல் குத்த ரெண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

"இதைக் கம்பெனில குடுங்க. வேற வேலைக்கு மாத்துவாங்க."

முருகம்மாள் ரெண்டு கையாலும் வாங்கினாள். மாசியிலிருந்து மாசி, அதையும் தாண்டி ஆடி வரைக்கும் அவள் கேட்டது இந்தத் தாளைத்தான்.

"கம்பெனில இவரு முந்தாநாளே செத்துட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு, வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.